காலி லாரி ஊர் போய்ச் சேர

ஒருவர் லாரி ஒன்றை விலைக்கு வாங்கிவிட்டார். பணம் கட்டியாயிற்று, சாவி கைக்கு வந்தாயிற்று, அவரிடம் கனரக வாகன லைசென்சும் இருக்கிறது. வண்டியில் சரக்கு எதுவும் இல்லை. எடுத்து ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதானே, இதில் என்ன சிக்கல் என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவில் இது லேசான கேள்வி இல்லை. எந்த டிரான்ஸ்போர்ட் கம்பெனியிலும் இன்னும் சேராத நிலையில், வாங்கிய லாரியைச் சட்டப்படி எப்படி நகர்த்துவது என்பது அங்கே புதிதாக லாரி வாங்குகிறவர் எல்லோரையும் வாட்டுகிற கேள்வி.

நான் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். மோட்டார் வாகனக் கோப்புகள் சில ஆண்டுகள் என் மேசையில் இருந்தன. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கலிபோர்னியாவில் இருக்கும் என் தங்கை மகன், தன் பக்கத்து வீட்டு பஞ்சாபிக்காரர் ஒருவர் லாரி வாங்கிய கையோடு இந்தக் கேள்வியைச் சுமந்து அலைந்ததைப் போனில் சொன்னான். எனக்கு அது சுவையாக இருந்தது. தோண்டிப் பார்த்தபோது, அந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ தொண்ணூறு வருட வரலாறு இருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பர்மிட் வண்டிக்கா, ஆளுக்கா?

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் சரக்கு லாரிக்குத் தரும் பர்மிட், இன்னாருடைய இன்ன நம்பர் வண்டிக்கு என்று வண்டியோடு சேர்த்து எழுதப்படுவது. நாமக்கல்லில் ஒரே ஒரு லாரி வைத்திருப்பவரும் தம் பெயரில் பர்மிட் வைத்திருப்பார். புக்கிங் ஆபீசில் போய் உட்கார்ந்து லோடு பிடிப்பார். சிறியவரானாலும் அவர் தனி முதலாளி.

அமெரிக்காவில் அப்படி இல்லை. மாநில எல்லை தாண்டி வாடகைக்குச் சரக்கு ஏற்றும் உரிமை, ‘கேரியர்’ எனப்படும் நிறுவனத்துக்கோ ஆளுக்கோ தரப்படுகிறது. லாரிக்குத் தரப்படுவதில்லை. லாரி வைத்திருந்து தாமே ஓட்டுகிறவரை அங்கே ‘ஓனர் ஆப்பரேட்டர்’ என்கிறார்கள். இவர்களில் பெரும்பகுதியினரிடம் வண்டி உண்டு, தொழில் செய்யும் உரிமை இல்லை. உரிமை உள்ள கம்பெனியிடம் வண்டியையும் தம்மையும் சேர்த்து ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நம் ஊர் டிராவல்சில் கார் வைத்திருப்பவர்கள் ‘வண்டியை அட்டாச் பண்ணியிருக்கேன்’ என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான். ஆனால் அங்கே அதற்குச் சட்டத்தின் பலம் அதிகம். ஒப்பந்தம் நடக்கும் காலம் முழுவதும் வண்டி கம்பெனியின் தனிப் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருப்பதாகவே சட்டம் கருதும். கதவில் கம்பெனியின் பெயரும் நம்பரும் இருக்கும். விபத்து நடந்தால் பொதுமக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அந்தப் பெயர்தான்.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளிக்கூட நினைவு வந்தது. நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. கீழ்மட்ட அலுவலக வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களும் பழைய ‘கோத் சிவில்’ பக்கங்களைப் புரட்டாமல் தப்ப முடியாது. புதுச்சேரிச் சொத்துக் கோப்புகளில் அது வந்துகொண்டே இருக்கும். நெப்போலியன் காலத்தில், 1804-இல் வந்த அந்தச் சட்டத் தொகுப்பு ‘லுவாஜ்’ என்னும் வாடகை ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரிக்கிறது: பொருளை வாடகைக்கு விடுவது ஒன்று, உழைப்பை வாடகைக்கு விடுவது மற்றொன்று. வீட்டை வாடகைக்கு விட்டால் முதல் வகை. கூலிக்கு வேலைக்குப் போனால் இரண்டாம் வகை. அமெரிக்க ஓனர் ஆப்பரேட்டர் ஒரே காகிதத்தில் இரண்டையும் செய்கிறார். வண்டி ஒரு பொருள், அவர் ஓட்டுவது உழைப்பு. கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் இரண்டும் ஒருங்கே கம்பெனியிடம் போய்விடுகின்றன. அதற்கு முன் இரண்டுமே அவரிடம்தான். கையெழுத்துக்கு முந்தைய அந்த நாட்களில் யார் பெயரில், எந்தக் காகிதத்தில் அந்த வண்டி சாலையில் போவது என்பதுதான் சிக்கல்.

ரயிலுக்கு வந்த பயம்

இந்த ஏற்பாடு எங்கிருந்து தொடங்கியது? 1930-களில் உலகத்தின் பல நாடுகளில் ஒரே நேரத்தில் ஒரே கவலை வந்தது. பெருமந்தத்தில் ரயில்வேக்களின் வருமானம் படுத்துவிட்டது. லாரிகள் வந்து சரக்கைப் பறித்துக்கொண்டன. வேலை இழந்தவர்கள் கடனில் லாரி வாங்கி, கட்டுப்படியாகாத வாடகைக்கும் ஓட்டினார்கள். இங்கிலாந்து 1933-இல் சட்டம் போட்டு, சரக்கு லாரிகளுக்கு ஏ, பி, சி என்று மூவகை லைசென்ஸ் வைத்தது. பிரான்ஸ் 1934-இல் ரயிலையும் சாலையையும் ஒருங்கிணைப்பதாகச் சொல்லி ஆணை பிறப்பித்தது. நம் நாட்டில் மிட்செல், கிர்க்னஸ் என்ற இருவர் ரயில் சாலைப் போட்டியை ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். பிறகு 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்து பர்மிட் முறையை விரிவாக நிலைநாட்டியது.

அமெரிக்காவில் 1935 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் மோட்டார் கேரியர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1887 முதல் ரயில்வேயைக் கட்டுப்படுத்தி வந்த மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையத்தின் கீழ் லாரித் தொழிலும் வந்தது. பொதுவாகச் சரக்கு ஏற்றுகிறவர்கள், அந்தத் தடத்தில் தங்கள் சேவை பொதுமக்களுக்குத் தேவை என்று நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே தொழில் நடத்தியவர்களுக்குப் பழைய உரிமை தொடர்ந்தது. புதிதாக நுழைவது மிகக் கடினமானது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஆட்சேபம் தெரிவிக்கும், ரயில்வேயும் தெரிவிக்கும். ஒற்றை லாரிக்காரர் வக்கீல் வைத்து வாதாட முடியுமா?

ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது. பண்ணையிலிருந்து வரும் விளைபொருள்களைக் கொண்டு போவதற்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று சட்டம் விலக்கு அளித்தது. விவசாயிகளின் செல்வாக்கு அப்படி. ஆகவே ஒற்றை லாரிக்காரர்கள் காய்கறி, பழம் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். போகும்போது லோடு சட்டப்படி சரி. திரும்பும்போது? நகரத்திலிருந்து கிராமத்துக்கு வருவது பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு. அதை ஏற்றும் உரிமை அவர்களிடம் இல்லை. காலியாகத் திரும்பினால் டீசல் காசு கூட மிஞ்சாது. ரிட்டர்ன் லோடு இல்லாத லாரிக்காரரின் வயிற்றெரிச்சலை நம் ஊரில் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு நடைக்கு ஒரு பெயர்

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் ஒற்றை நடை ஒப்பந்தம். சான்றிதழ் உள்ள கம்பெனி ஒன்றிடம், இந்த ஒரு நடைக்கு மட்டும் வண்டியை வாடகைக்கு விட்டதாக எழுதிக் கொடுப்பார்கள். கம்பெனியின் உரிமையில், கம்பெனியின் பெயரில் லோடு ஏறும். ஊர் போய் இறக்கியதும் ஒப்பந்தம் முடிந்துவிடும். கம்பெனிக்குச் சொந்தமாக வண்டி வாங்கும் செலவு மிச்சம். லாரிக்காரருக்குத் திரும்பும் வாடகை கிடைத்தது.

இதில் ஆபத்தும் இருந்தது. பிரேக் சரியாக இருக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று கம்பெனி பார்ப்பதில்லை. அந்த ஓட்டுநர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டுகிறார் என்று யாருக்கும் தெரியாது. விபத்து நடந்தால், நடை முடிந்துவிட்டது, வண்டி எங்களுடையதல்ல என்று கம்பெனி கைவிரிக்கும். லாரிக்காரரிடமோ நஷ்ட ஈடு கொடுக்கப் பணம் இருக்காது. அடிபட்டவரின் குடும்பம் நடுவில் நிற்கும்.

ஆணையம் இதை ஆராய்ந்து 1951-இல் விதிகள் வகுத்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து வாடகைக்கு எடுத்தால் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். எடுக்கும் முன் கம்பெனி வண்டியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வண்டியில் கம்பெனியின் அடையாளம் இருக்க வேண்டும். கம்பெனிகள் சிலவும் விவசாயத் தரப்பும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1953-இல் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 30 நாள் விதி காய்கறி லாரிக்காரர்களின் திரும்பும் லோடை முடக்கிவிடும் என்று நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. 1956-இல் விவசாயச் சரக்கு ஏற்றிவிட்டுத் திரும்பும் வண்டிகளுக்கு மட்டும் அந்தக் கால அளவிலிருந்து விலக்கு கிடைத்தது.

ஒரு கோப்புக்காரனாக எனக்கு இந்த 1951 விதிகள் பிடித்திருக்கின்றன. சாலையில் போகும் ஒவ்வொரு லோடு லாரிக்கும் பதில் சொல்ல ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் சாரம். நியாயம்தான். ஆனால் லோடு லாரிக்கு ஒரு பெயரைக் கட்டாயமாக்கிய அதே விதி, அந்தப் பெயர் இன்னும் வந்து சேராத காலி லாரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கையெழுத்துக்கு முன்னால் இருக்கும் அந்தச் சில நாட்கள் வெற்றிடமாகவே நின்றன.

லாரிக்காரருக்கும் ஒரு பாதுகாப்பு

இடையில் 1973-ஐச் சொல்லாமல் போக முடியாது. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் டீசல் விலை ஏறியது, பல இடங்களில் கிடைக்கவும் இல்லை. கம்பெனிகள் கொடுக்கும் வாடகையோ ஏறவில்லை. அந்த டிசம்பரில் ஓனர் ஆப்பரேட்டர்கள் நெடுஞ்சாலைகளில் லாரிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். 1974 பிப்ரவரியில் வேலைநிறுத்தமும் நடந்தது. அவர்களுக்கான சங்கம் ஒன்று தொடங்கியதும் 1973-இல்தான்.

அதுவரை வெளியே தெரியாமல் இருந்த குறைகள் அப்போது பேச்சுக்கு வந்தன. வாடகைப் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது, பிடித்தம் என்று காரணம் சொல்லாமல் கழிப்பது, முன்பணமாக வாங்கிய டெபாசிட்டைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது. இவை எந்த நாட்டு லாரித் தொழிலிலும் கேட்கிற புகார்கள்தாம். 1979-இல் ஆணையம் ஒப்பந்த ஒழுங்கு விதிகளைக் கொண்டு வந்தது. லோடு இறக்கிய காகிதங்களைக் கொடுத்த 15 நாளுக்குள் வாடகை தர வேண்டும். பிடித்தம் எது எது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒப்பந்தம் முடிந்த 45 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும். கம்பெனியின் பெயர்ப் பலகையைக் கதவிலிருந்து யார் கழற்ற வேண்டும் என்பதைக்கூட எழுத வேண்டும். காலி வண்டிக்கான இன்சூரன்சை யார் கட்டுவது என்பதையும் எழுத வேண்டும்.

மறு வருடமே, 1980 ஜூலை 1 அன்று அதிபர் கார்ட்டர் புதிய சட்டத்தில் கையெழுத்திட, 1935-இல் மூடிய கதவு திறந்தது. புதியவர் தொழிலுக்கு வருவது எளிதாயிற்று. கூடவே, வாடகைக்குச் சாதாரணச் சரக்கு ஏற்றும் கம்பெனி குறைந்தது 7,50,000 டாலருக்குப் பொறுப்பு இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தச் சட்டத்தின் வழியாக வந்தது. அதனால் ஒற்றை லாரிக்காரர் இன்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தம் பெயரிலேயே உரிமை வாங்கி அத்தனை பெரிய இன்சூரன்சைத் தாமே கட்டலாம். அல்லது கம்பெனி ஒன்றில் அட்டாச் ஆகி அதன் இன்சூரன்சில் ஓட்டலாம். கையில் பணம் குறைந்தவர்கள் இரண்டாவதைத்தான் நாடுகிறார்கள். 1887-இல் பிறந்த பழைய ஆணையம் 1995-ஆம் ஆண்டு முடிவோடு கலைக்கப்பட்டது. ஒப்பந்த விதிகள் மட்டும் கைமாறி இன்றும் நடப்பில் உள்ளன.

அந்தச் சில நாட்கள்

இப்போது நம் லாரிக்காரரிடம் வருவோம். அவர் வாங்கியது டிரெய்லர் இழுக்கும் டிராக்டர். விற்றவர் இருப்பது ஒரு மாநிலம், இவர் வீடு வேறு மாநிலம், சேரப்போகும் கம்பெனி மூன்றாவது மாநிலம். கம்பெனி வண்டியை நேரில் பார்த்துச் சோதித்த பிறகுதான் ஒப்பந்தம் எழுதும். 1951-இல் வந்த விதியின் பேரப்பிள்ளை அது. வண்டியைக் கொண்டு போனால்தான் காகிதம் கிடைக்கும், காகிதம் இருந்தால்தான் வண்டியைக் கொண்டு போகலாம் என்பது போல இருக்கிறதல்லவா? அலுவலகங்களில் நான் நிறையப் பார்த்த நிலைமை.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் முடிச்சு அவிழும். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் உரிமை, வாடகைக்குச் சரக்கு ஏற்றும்போது மட்டுமே தேவை. தம் வண்டியைத் தாமே காலியாக ஓட்டிப் போக அது வேண்டாம். அதனால் வண்டி உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். வழியில் தெரிந்தவர் ஒருவரின் சாமானைக் காசுக்கு ஏற்றிக்கொண்டால் அந்த நிமிடமே உரிமை இல்லாத கேரியர் ஆகிவிடுவார். சிலர் கண்ணாடியில் ‘வாடகைக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டிக்கொள்கிறார்கள். அந்த எழுத்து மட்டும் எந்தச் சட்டத்திலிருந்தும் யாரையும் விடுவிக்காது.

லைசென்ஸ் விஷயத்தில் சலுகை எதிர்பார்க்கக் கூடாது. 1986-இல் வந்த சட்டத்தின்படி 26,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 11,800 கிலோவுக்கு மேல் தகுதி எடை குறிக்கப்பட்ட லாரிகளுக்குத் தனி வணிக லைசென்ஸ். அந்த எடை தயாரிப்பாளர் குறித்தது. வண்டி காலியாக இருப்பதால் அது குறைவதில்லை.

அடுத்தது நம்பர் பிளேட். முன்பெல்லாம் பல மாநிலங்களில் ஓடும் லாரிக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக அடையாளம் வாங்க வேண்டியிருந்தது. ஒரு தகட்டில் கட்டம் கட்டமாக மாநில ஸ்டிக்கர்களை ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். நம்பர் கட்டங்கள் கொண்ட விளையாட்டு அட்டை மாதிரி இருப்பதால் அதற்கு ‘பிங்கோ பிளேட்’ என்று பெயர். பிறகு மாநிலங்கள் கூடி ஒரு பதிவு உடன்பாட்டுக்கு வந்தன. ஒரே மாநிலத்தில் பதிவு செய்தால் போதும். எந்த மாநிலத்தில் எவ்வளவு தூரம் ஓடியதோ அந்த விகிதத்தில் கட்டணம் பங்கிடப்படும். டீசல் வரிக்கும் அதே மாதிரி உடன்பாடு. 1991-இல் வந்த சட்டம், 1996-க்குள் எல்லா மாநிலங்களும் இவற்றில் சேர வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது.

பல ஓனர் ஆப்பரேட்டர்களுக்கு இந்தப் பிளேட்டைக் கம்பெனியே தன் கணக்கில் வாங்கித் தந்துவிடுகிறது. சௌகரியம்தான். ஆனால் கம்பெனியில் சேரும் முன் அந்தப் பிளேட் கிடையாது. விற்றவர் கொடுக்கும் தற்காலிக அட்டை அந்த மாநிலத்துக்குள் செல்லும். எல்லை தாண்டினால் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக மாநிலங்கள் நடை பர்மிட் வைத்திருக்கின்றன. பல மாநிலங்களில் 72 மணி நேரம், அல்லது அதையொட்டிய சில நாட்கள். டீசல் வரிக்கும் அதேபோல் ஒரு நடைக்கான பர்மிட் உண்டு. கடக்கப்போகும் மாநிலங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரி இன்னொன்று. 55,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 25 டன்னும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மத்திய அரசின் கனரக வாகன வரி. 2290 என்ற எண்ணுள்ள படிவத்தில் கட்ட வேண்டும். சாலையில் முதலில் ஓடிய மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசி வரை அவகாசம் உண்டு. வாங்கி 60 நாளுக்குள் என்றால், பதிவு அலுவலகத்தில் வரி ரசீதுக்குப் பதில் கிரயச் சீட்டையே காட்டலாம். வாங்கியவரின் முதல் தடுமாற்றத்தை எதிர்பார்த்து எழுதிய விதி என்று தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இன்சூரன்சில் இருக்கிறது. டிரெய்லர் இல்லாமல் தனியே ஓடும் டிராக்டரை அங்கே ‘பாப்டெயில்’ என்கிறார்கள். வால் நறுக்கிய குதிரைக்குச் சொல்லும் பழைய வார்த்தை. ஓனர் ஆப்பரேட்டர்களுக்கென்று, கம்பெனி வேலையில் இல்லாத நேரத்துக்கு மட்டும் மலிவான ஒரு பாலிசி உண்டு. புதிதாக வாங்குகிறவர்கள் அதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பாலிசி, வண்டி ஏற்கெனவே ஒரு கம்பெனியில் அட்டாச் ஆகியிருக்கிறது என்ற அடிப்படையில் எழுதப்படுவது. வேலை நேரத்தில் கம்பெனியின் இன்சூரன்ஸ் இருக்கிறது, மிச்ச நேரத்துக்கு இது என்ற கணக்கு. எந்தக் கம்பெனியிலும் இல்லாதவருக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. அவருக்கு அந்த நாட்களுக்கென்று, தம் பெயரில் முழுப் பொறுப்பு இன்சூரன்ஸ் வேண்டும். ஏஜென்டிடம் நிலைமையை உள்ளபடி சொல்லி, எழுத்தில் வாங்க வேண்டும். எட்டு டன் எடையுள்ள இரும்பு ஒரு காரின் மீது மோதிவிட்டால், லாரி வாங்கிய கடனோடு வீட்டையும் இழக்க நேரும். அடிபட்டவர் குடும்பம், 1951-க்கு முன்பு நின்ற அதே இடத்தில் நிற்கும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. வண்டிகளைக் கொண்டு சேர்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் பிளேட், தங்கள் இன்சூரன்ஸ், தங்கள் ஓட்டுநரைப் போட்டு ஓட்டி வந்து சேர்த்துவிடுவார்கள். செலவு உண்டு, தூக்கம் கெடாது.

வேட்டைக்காரர் பர்மிட்

இத்தனை காகிதங்களுக்கு நடுவில் என் மனதுக்குப் பிடித்தது ஒன்று. மேலே சொன்ன பதிவு உடன்பாட்டிலேயே அது இருக்கிறது. பெயர் ‘ஹண்டர்ஸ் பர்மிட்’. காட்டுக்குள் போய் மான் வேட்டையாடுவதற்கானது அல்ல. கம்பெனியை விட்டு விலகியவர், கம்பெனியின் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு கம்பெனி தேட வேண்டும், தேடுவதற்கு வண்டியோடு போக வேண்டும், வண்டிக்குப் பிளேட் இல்லை. அவருக்காக, காலி எடைக்கு மட்டும் குறுகிய காலத்துக்குத் தரும் தற்காலிகப் பதிவு இது. லோடு ஏற்றக் கூடாது. உடன்பாட்டில் உள்ள மாநிலங்கள் இதை ஏற்றுக்கொள்கின்றன. வேலையை வேட்டையாடுகிறவர் என்பதால் அந்தப் பெயர்.

புதிதாக லாரி வாங்கியவருக்கு இது அப்படியே பொருந்திவிடாது. முன்பு ஒப்பந்தத்தில் இருந்து விலகியவரை நினைத்து எழுதியது. எனினும் வேலைக்கும் வேலைக்கும் நடுவில் நிற்கிற ஒருவனைச் சட்டம் கண்ணெடுத்துப் பார்த்து ஒரு பெயர் வைத்திருக்கிறதே, அதுவே பெரிது.

நம் பக்கத்துக் காலி வண்டிகள்

நமக்கும் இது புதிதல்ல. எண்ணூரிலிருந்து புறப்பட்டு ஜி.எஸ்.டி. சாலையில் வரிசையாகப் போகும் சேஸ் வண்டிகளை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எஞ்சின், ஸ்டியரிங், சக்கரம், நீளச் சட்டம், அவ்வளவுதான். கேபின் கிடையாது, முன்கண்ணாடி கிடையாது. ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு டிரைவர் ஓட்டிப் போவார். வெயிலும் மழையும் எதிரே வரும் பஸ்சின் புழுதியும் நேராக முகத்தில். லாரிக்குப் பாடி கட்ட நாமக்கல், திருச்செங்கோடு, பஸ்சுக்கு என்றால் கரூர் என்று போய்ச் சேரும். பாதி பிறந்த வண்டி அது. பர்மிட் எங்கிருந்து வரும்?

நம் சட்டமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு தற்காலிகப் பதிவு தருகிறது. நான் கோப்புப் பார்த்த காலத்தில் அது ஒரு மாதத்துக்குச் செல்லும். பாடி கட்டுகிற பட்டறையில் வண்டி நின்றால் நீட்டிக்கவும் வழி உண்டு. பட்டறையில் தச்சர் வரவில்லை, பெயின்டர் வரவில்லை என்று நாள் ஓடிவிட, நீட்டிப்புக்கு மனு எழுதிக்கொண்டு வந்து நிற்பவர்களை நான் அறிவேன். பர்மிட் கட்டாயம் என்று சொல்லும் 66-ஆவது பிரிவே, யாருக்கு வேண்டாம் என்றும் பட்டியல் தருகிறது. ஒரு மாநிலத்தில் வாங்கிய வண்டி சரக்கோ ஆளோ ஏற்றாமல் தன் ஊருக்குப் போகும்போது வேண்டாம். தற்காலிகப் பதிவோடு நிரந்தரப் பதிவுக்காகக் காலியாகப் போகும்போது வேண்டாம். பழுது பார்க்கக் காலியாகப் போகும்போதும் வேண்டாம். ஆனால் பர்மிட் வேண்டாம் என்றால் இன்சூரன்சும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அது எப்போதும் வேண்டும்.

நான் படித்த மொழியின் நாட்டில் இதை எழுத்திலேயே காட்டிவிடுகிறார்கள். பிரான்சில் வண்டிப் பதிவுச் சான்றுக்கு ‘கார்த் கிரீஸ்’, சாம்பல் அட்டை என்று பெயர். அது கைக்கு வரும் முன் தற்காலிகமாக ஓடும் வண்டியின் நம்பரில் இரட்டை ‘தூப்ள்வே’ எழுத்து இருக்கும். வண்டி விற்பனையாளரும் பட்டறைக்காரரும் ஓட்டும் வண்டிக்கு ஒற்றை ‘தூப்ள்வே’. பார்த்த மாத்திரத்தில் போலீஸ்காரருக்குப் புரிந்துவிடும், இது இன்னும் ஓரிடத்திலும் நிலைபெறாத வண்டி என்று.

மூன்று நாட்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மூன்றும் ஒரே மாதிரி நடந்திருக்கின்றன. முதலில் சொந்தக்காரர், பர்மிட், கம்பெனி என்று நிலையாக இருப்பதற்குப் பெரிய விதிகளை எழுதினார்கள். பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள் கவுண்டருக்கு வந்து நின்றதால், சின்னச் சின்ன விலக்குகளையும் தற்காலிக அட்டைகளையும் பின்னால் சேர்த்தார்கள். சட்டப் புத்தகத்தில் அவை உட்பிரிவின் உட்பிரிவாக, ஒரு வரியில் கிடக்கும். கடன் வாங்கி வண்டி எடுத்து, முதல் லோடுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிற ஆளுக்கு அந்த ஒரு வரி மீதிப் புத்தகம் முழுவதையும்விடப் பெரியது. கவுண்டரில் உட்காருகிறவர் அந்த வரியைத் தெரிந்து வைத்திருந்தால் அந்த ஆள் அன்றே வீடு போய்ச் சேருவார். தெரியாவிட்டால் நாளைக்கு வாருங்கள்தான்.

அறுபது எழுபதுகளில் சேஸ் வண்டி ஓட்டிய பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை நாளில், கையில் என்னென்ன காகிதத்தோடு ஓட்டினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அரசுக் கோப்புகளில் வண்டி நம்பர்தான் இருக்கும். அந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து போனவர் பெயர் இருக்காது.